விரதத்தின் மூன்றாம் நாள் ஓர் ஏரி

16 ஒக்டோபர், வியாழன்

இடது நெஞ்சில் இரண்டு பிளாஸ்டர். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். டொக்டர் நல்ல பெண். தன் கை குளிர்ந்திருக்கிறது என்று முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை வரும், தானே தொலைபேசியில் சொல்வேன் என்றாள். நல்லதாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம், படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். இந்த நாட்டில் பொய் சொல்லி ஆறுதல் கொடுக்க மாட்டார்கள். எனக்கு இன்றைக்கு ஒரு சின்னப் பொய் தேவைப்பட்டது.

இவருக்குச் சொல்லவில்லை. பல்லு டொக்டரிடம் போனதாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கனடாவிலிருக்கும் தன் தங்கச்சிக்குச் சொல்லுவார். டொக்டர் அந்தச் சதையைப் பார்த்து முடிப்பதற்குள் அவள் இருக்கும் ஸ்காபரோ முழுவதும் எனக்காக அழுது முடித்துவிடும். அது ஒரு காரணம். மற்றது, போன மாசியில் லண்டனில் இவருடைய அண்ணா செத்ததும் புற்றுநோயில்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு மட்டுமே இருந்தார். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எழுதி முடித்து இந்தக் கொப்பியை என் அலுமாரி லாச்சியில் உடுப்புகளுக்கு அடியில் வைக்கிறேன். தன் காலுறையையே தேடத் தெரியாத மனிதர், அங்கே வரமாட்டார்.

18 ஒக்டோபர், சனி

உடுப்புத் தோய்த்தேன். பிளாஸ்டரைக் கழற்றிக் குளியலறைக் குப்பை வாளியில் போட்டேன். நீலமாகக் கன்றியிருக்கிறது.

மத்தியானம் கடைக்குப் போய்வந்து பார்த்தால் இவர் குளியலறை முழுவதையும் தேய்த்துக் கழுவி, குப்பையையும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. எங்கே என்ன பிழை விட்டுவிட்டு வந்தாரோ தெரியவில்லை.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தின் அழுக்குத் துணிக்குத் தீபாவளி தெரியாது.

சலவைப் பகுதியின் பொறுப்பாளர் வெரேனா, செப்டெம்பரில் மழையால் தள்ளிப்போன எங்கள் வருடாந்தச் சுற்றுலாவுக்கு நாள் வைத்துவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை. மலையேறி ஓர் ஏரியைப் பார்ப்பது. ஏரிக்கு ஒரு பெயர் இருக்கிறது, என் வாயில் நுழையவில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், மலையை ரயில் ஜன்னலிலும் வங்கிக் கலண்டரிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதுவே எனக்குப் போதும்.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். அன்றைக்குத்தான் டொக்டருடைய தொலைபேசி. அது மட்டுமில்லை, கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். வெரேனாவிடம் சொல்லியிருக்கலாம். போன வருடம் ஒரு விரத நாளில் சுற்றுலாவுக்கு வரமாட்டேன் என்றபோது, "உங்களுக்கு மாதம் ஒரு பண்டிகை" என்றவள். (வெரேனா மற்றவர்களோடு ஊர் ஜேர்மன் கதைப்பாள். என்னோடு மட்டும் பாடப்புத்தக ஜேர்மன். ஆகவே அவள் பேச்சை இங்கே பாடப்புத்தகத் தமிழில்தான் எழுதுகிறேன்.) அந்த வாயிலிருந்து அதை மறுபடியும் கேட்க எனக்கு விருப்பமில்லை. வருகிறேன் என்று பேரைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

22 ஒக்டோபர், புதன்

விரதம் தொடக்கம். பகல் முழுவதும் தண்ணீர், பொழுதுபட்டதும் ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். மற்ற வருடங்களில் கடைசி நாள் மட்டும்தான் பிடிப்பேன். இந்த முறை ஆறு நாளும்.

"ஆறு நாளுமோ? என்ன நேர்த்தி ராணி?" என்று கேட்டார்.

"ஒரு நேர்த்தியும் இல்லை. உடம்பு கொஞ்சம் மெலியட்டும் எண்டுதான்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப நானும் இந்தக் கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடேல்லை" என்றார்.

"பீட்சாக் கடையிலை நாள் முழுக்கப் பண்டி இறைச்சி போடுற கை. முருகன் நம்பிப்போடுவார்."

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார். இன்றைக்குச் சும்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முருகா, நான் கேட்பது உனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

23 ஒக்டோபர், வியாழன்

இரண்டாம் நாள். தலையிடி. மாலையில் மேலே பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நல்லவேளை, பயணம் நிற்கும் என்று நினைத்து, நாளைக்குப் போகிறோமா என்று வெரேனாவுக்குச் செய்தி அனுப்பினேன். "அருமை, இன்னும் அழகாக இருக்கும்" என்று பதில் வந்தது.

இவர் என் சப்பாத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "மலைக்கு நானும் வரட்டே?"

"விசரே உங்களுக்கு? அது வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும்."

"இல்லை, பனியெண்டபடியாலை கேட்டனான்" என்றார். தன்னுடைய தடித்த ஜாக்கெட்டை என் பையின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

24 ஒக்டோபர், வெள்ளி

இதை ஆறுதலாக எழுதவேண்டும். சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் பேருந்து. ஒன்பது பேர். மலையடியில் இறங்கினால் மஞ்சள் பலகை ஒன்று நிற்கிறது, ஏரிக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று. எவருடைய காலுக்கு என்று எழுதியிருக்கவில்லை. நான் கைபேசியை ஜாக்கெட்டின் இடது உள்பையில் வைத்தேன். பிறகு வலது பக்கம் மாற்றினேன்.

காடு முடியும்வரை தரையில் பனி இல்லை. மரங்களெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளின் மேல் நேற்று விழுந்த பனி. அப்படியொரு நிறத்தை நான் சேலைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. காட்டைத் தாண்டியதும் கணுக்கால்வரை வந்தது, பிறகு அதற்கும் மேலே. மற்றவர்கள் பத்தரைக்கு ஒரு பாறையில் நின்று ரொட்டியும் பாற்கட்டியும் சாப்பிட்டார்கள். நான் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். ஒரு நாடாவை எவ்வளவு நேரம் கட்டலாம்? இரண்டையும் அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

பதினொன்று தாண்டி ஏரி வந்தது. சுற்றிவர வெள்ளை, நடுவில் தண்ணீர் மட்டும் கறுப்பு. நல்ல அழகு. மனம் முழுக்கப் பயத்தை வைத்துக்கொண்டு பார்த்தாலும் அழகு அழகுதான் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து நின்றேன், சத்தியமாக.

பிறகு கைபேசியை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த டொக்டர் கிளினிக்கைப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இன்றைக்குத் தவறினால் திங்கட்கிழமை. இன்னும் மூன்று நாள் இந்தப் பாரத்தோடு இருக்க என்னால் முடியாது.

மற்றவர்கள் கல்லடுப்பில் நெருப்பு மூட்டி சொசேஜ் சுடத் தொடங்கினார்கள். நான் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தேன். எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. கண் இருட்டியது. விழவில்லை, அப்படியே குந்தி இருந்துவிட்டேன். பனிக்குள் இருப்பது முதலில் மெத்தைபோலத்தான் இருக்கிறது.

வெரேனாவின் சப்பாத்து என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, என் தாடையைப் பிடித்து ஒரு சீனிக் குளிசையை வாய்க்குள் தள்ளினாள். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். கரைந்து இறங்கிவிட்டது. நான் என்ன செய்ய?

"என்ன சாப்பிட்டீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

"காலையிலிருந்தா?"

"புதன்கிழமையிலிருந்து. இரவில் பாலும் ஒரு பழமும் மட்டும்."

அவள் பனியில் முழங்கால் போட்டு என் முன்னால் இருந்தாள். "பவளராணி, நான் இந்த மலைகளில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். இதுவரை எல்லோரும் ஆண்கள்."

விரதம் என்றேன். ஆறு நாள் என்றேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினாள். சொல்லியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்திருப்போமே, அவ்வளவுதானே என்றாள்.

"போன வருடம் நீங்கள்தான் சொன்னீர்கள், எங்களுக்கு மாதம் ஒரு பண்டிகை என்று."

வெரேனா கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டாள். "அது பொறாமையில் சொன்னது. எனக்கு ஒன்றுகூட இல்லை."

பிறகு, கைபேசியைத் தூக்கிக்கொண்டு யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். ஊசி, சதை, பன்னிரண்டு மணி, எல்லாவற்றையும். இவருக்குச் சொல்லாததை, என் தங்கச்சிக்குச் சொல்லாததை, படுக்கை விரிப்பின் ஓரம் மடிக்கத் தெரியவில்லை என்று என்னை நாலு வருடமாக ஏசுகிற மனுசிக்குச் சொன்னேன். ஜேர்மனில் சொல்வது சுலபமாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு அழத் தெரியாது.

வெரேனா மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தெட்டு. ஏரியின் மறுகரையில் ஒரு மாட்டுக் கொட்டில் இருக்கிறது, அதன் பின்சுவரடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும், சிறுவயதிலிருந்து தனக்கு இந்த இடம் தெரியும் என்றாள். தன் ஊன்றுகோலில் ஒன்றை என்னிடம் தந்தாள். "என் அடியில் அடி வையுங்கள்."

கையைப் பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. முன்னால் போய்ப் பனியை மிதித்து மிதித்துக் குழி போட்டுக்கொடுத்தாள். அறுபத்தொரு வயது. அவள் எடுத்துவைக்கும் அடி எனக்குக் கொஞ்சம் பெரிது. மூன்றாவது குழியிலேயே அதைக் கவனித்துவிட்டாள், அதற்குப் பிறகு கிட்டக் கிட்ட மிதித்தாள்.

கொட்டில் சுவரடியில் இரண்டு கோடு வந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. எண்ணை அழுத்தினேன். உதவியாளர் எடுத்தாள், பொறுங்கள் என்றாள், ஏதோ ஒரு பியானோ இசை ஓடியது. பிறகு டொக்டர் என் பெயரைச் சொன்னாள். அதோடு என் காது அடைத்துவிட்டது. காற்றா, பயமா, எனக்குத் தெரியாது. அவள் கதைப்பது கேட்கிறது, ஒன்றுமே விளங்கவில்லை. கைபேசியை வெரேனாவிடம் நீட்டினேன்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் டொக்டர் சொல்ல மாட்டாளாம். வெரேனா கைபேசியை என் வாய்க்கு நேரே பிடித்தாள். "அவவுக்குச் சொல்லுங்கோ! எல்லாம் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். வெரேனா கண்ணை விரித்த பிறகுதான் ஜேர்மனில் கத்தினேன்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆம் என்றாள். மறுபடியும் ஆம். இந்த மனுசிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முகம், தலையணை உறை எண்ணும்போதும் இதே முகம்தான். பேனையை எடுத்து ரொட்டி சுற்றிய கடதாசியில் எதையோ எழுதினாள். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வேறு எவருடைய முகத்தையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. கலியாண மேடையில் இவருடைய முகத்தைக்கூட.

கைபேசியை மூடினாள்.

"கட்டி இருக்கிறது. கெட்ட கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை." என்னைப் பார்த்து இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் சொன்னாள். "இல்லை. ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்கவேண்டும், அவ்வளவுதான்." நாளும் நேரமும் எழுதிய கடதாசியை என் கையில் தந்தாள்.

மறுபடியும் பனிக்குள் இருந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. நான் திரும்பவும் மயங்குகிறேன் என்று நினைத்து வெரேனா இன்னொரு குளிசையை நீட்டினாள். முதலாவது என்னைக் கேட்காமல் போனது. இரண்டாவதுக்கு நானே வாயைத் திறந்தேன். முருகன் பார்த்துக்கொள்ளட்டும். வெரேனா மூக்கைச் சீறிவிட்டுக் குளிர் என்றாள்.

மற்றவர்களிடம் எனக்குச் சப்பாத்து கடித்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். இறங்கும் வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தாள். காட்டுக்குள் வரும்போது வெயில் அடித்து மரங்களிலிருந்து பனி சொட்டியது. எனக்குப் பசித்தது. மூன்று நாளில் முதல் தடவையாக, நல்ல, சாதாரணமான பசி.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் இவர் கதவடியில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை பின்னேரம், கடையில் நிற்கவேண்டிய மனிதர். அடுப்பு பழுதாம்.

"எப்பிடி மலை?"

"நல்லாயிருந்தது."

"சிரிச்சுக்கொண்டு வாறீர்."

"குளிருக்கு அப்பிடித்தான்."

தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டுக் கனநேரம் அங்கேயே நின்றார். கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. வெளியே வந்தபோது சட்டைக் கை நனைந்திருந்தது. எனக்குக் கால் கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

25 ஒக்டோபர், சனி

கேட்டது கிடைத்துவிட்டது. இனிச் சாப்பிட்டால் என்ன என்று காலையில் தோசைக் கல்லைப் பார்த்தபோது ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருந்தது. இன்னும் மூன்று நாள்தானே. காரியம் முடிந்ததும் கையைக் கழுவுகிற ஆள் என்று முருகன் என்னைப் பற்றி நினைக்கக்கூடாது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அதைச் சொன்னால் எட்டு நாள் ஒளித்ததையும் சொல்லவேண்டும். வெரேனாவுக்கு முதலில் தெரிந்ததையும் சொல்லவேண்டும். இருபத்தாறு வருடம் கூட இருந்த மனிதருக்கு அது எப்படி இருக்கும்?

26 ஒக்டோபர், ஞாயிறு

இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். விரதக்காரிக்கு ஒரு மணித்தியாலப் பசி கூட.

27 ஒக்டோபர், திங்கள்

சூரன்போர். கோயில் கார் தரிப்பிடத்தில் சூரன் ஓட, முருகன் துரத்த, பிள்ளைகள் கத்த, ஒரே அமர்க்களம். இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். திருவிழாவுக்குக் கூப்பிட்டாலே காரை நிறுத்த இடமில்லை என்று சாட்டுச் சொல்லுகிறவர், இன்றைக்கு முன்வரிசையில் கைகூப்பிக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்தில்தான்.

28 ஒக்டோபர், செவ்வாய்

பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். விடிய எழும்பிக் குளித்து, சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். சமையலில் பாதி இவர். உப்பு அள்ளிப் போட்டிருந்தார். "நாக்கு எங்கை போட்டுது உங்களுக்கு?" என்று நன்றாக ஏசினேன். ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்தவரின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். இரண்டு கிழமையாக நான் ஒருவரையும் சரியாக ஏசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதல் கவளம் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"இஞ்சாருங்கோ. நான் ஒரு சோதனை செய்தனான். உங்களிட்டைச் சொல்லேல்லை. நெஞ்சிலை ஒரு கட்டி. பயப்பிட ஒண்டுமில்லையாம். வெள்ளிக்கிழமை சொல்லிப்போட்டினம்."

இவர் கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தார்.

"எங்கடை வெரேனாவுக்குத்தான் முதல் தெரியும். மலையிலை வைச்சு அவதான் கதைச்சவ. கோவமே?"

"அவவுக்குப் பாயாசம் கட்டிக் கொண்டுபோய்க் குடும்" என்றார். பிறகு, "ஊசி போடேக்கை உமக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

ஊசி என்று நான் சொல்லவேயில்லை. இப்போது எழுதும்போதுதான் அதுவும், குப்பை வாளியில் நான் போட்ட பிளாஸ்டரும் நினைவுக்கு வருகின்றன. அந்த நேரம் நான் அதைக் கவனிக்கவில்லை, இவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி எப்ப போகவேணும்?"

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு. ஏப்ரல் இருபத்து மூண்டு, வியாழக்கிழமை, காலமை பத்தரைக்கு. இப்ப சாப்பிடுங்கோ."

சாப்பிடவில்லை. எழும்பிக் கையைக் கழுவிவிட்டுக் கைபேசியை எடுத்தார். கடை முதலாளிக்கு. அந்த மனிதர் நித்திரையால் எழும்பியிருப்பாரோ தெரியாது. தன்னுடைய உடைந்த ஜேர்மனில் இவர் சொன்னது இதுதான்: அடுத்த வருடம் ஏப்ரல் இருபத்து மூன்று எனக்கு லீவு வேணும். அரைநாள் இல்லை, முழுநாள்.

முதலாளி சிரிப்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த வருடமா, அதற்கு இப்போது என்ன அவசரம், கலியாணமா, திருவிழாவா என்று கேட்டார்.

"இல்லை. மனுசியோடை டொக்டரிட்டைப் போகவேணும்."

பிறகு பார்ப்போம், ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றார் முதலாளி. இவர் அசையவில்லை. முதலாளிக்கு முன்னால் குரல் உயர்த்தாத மனிதர். இப்போதும் உயர்த்தவில்லை.

"ஞாபகம் வேண்டாம். லீவுப் புத்தகத்தை எடுத்து எழுதிப்போட்டுச் சொல்லுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

அந்தப் பக்கம் அவர் புத்தகத்தைத் தேடப் போனார். இவர் கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.